மாத்திரையா, ரிட்டக்ஸிமேப்பா: எம்.எஸ். மருந்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேள்வி (2024 ஜனவரி 28)

என் தங்கைக்கு 26 வயது. ஊர் ஈரோடு. போன செப்டம்பரில் இடது கண் மங்கியது. ஸ்டீராய்டு ஏற்றியதும் சரியானது. டிசம்பரில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (எம்.எஸ்., உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையைத் தாக்கும் நோய்) என்று சொல்லிவிட்டார்கள். டைமெத்தில் ஃபியூமரேட் மாத்திரை அல்லது டிரிப்ஸாக ஏற்றும் ரிட்டக்ஸிமேப், இரண்டில் எது என்று யோசித்துச் சொல்லுங்கள் என்கிறார் டாக்டர். வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது. பக்கவிளைவு குறைந்த மருந்து எது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லவும்.

2024 ஜனவரி 29

நானும் எம்.எஸ். உள்ளவள்தான். பக்கவிளைவுக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன் கேட்க வேண்டியவை மூன்று இருக்கின்றன.

இது எம்.எஸ்.தானா? ஏ.கியூ.பி.4 ஆன்டிபாடி, மாக் ஆன்டிபாடி (எம்.எஸ். போலவே தோன்றும் வேறு நோய்களைக் காட்டிக்கொடுப்பவை) இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்களா? கண்ணும் தண்டுவடமும் அடுத்தடுத்துப் பாதிக்கப்பட்ட எவருக்கும் நம் நாட்டில் இதைப் பார்க்காமல் மருந்து ஆரம்பிக்கக் கூடாது. நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்ற இன்னொரு நோய் இப்படியேதான் தொடங்கும். 2004-இல் மேயோ கிளினிக்கில் அதற்கான ஆன்டிபாடியைக் கண்டுபிடிக்கும்வரை இரண்டையும் பிரித்தறிவதே கஷ்டம். எம்.எஸ்.க்கு நல்லது செய்கிற இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட், நாட்டலிசுமேப் மூன்றும் அந்த நோயை மோசமாக்கும். அதனால் இந்த ரிப்போர்ட் கையில் இருக்கட்டும்.

அடுத்து, நோய் எவ்வளவு வேகமாக இருக்கிறது? நான்கு மாதத்துக்குள் இரண்டு தாக்குதல், அதில் ஒன்று தண்டுவடத்தில். இது மெதுவாகப் போகிற வகை போலத் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ.யில் எத்தனை புள்ளி (நோய் தாக்கிய தடம்), அதில் எத்தனை தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் இருக்கின்றன என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மூன்றாவது, குழந்தை எப்போது? இதற்குப் பதில் இல்லாமல் 26 வயதுப் பெண்ணுக்கு மருந்து தேர்ந்தெடுக்கவே முடியாது.

2024 ஜனவரி 29, இரவு

முக்கியமான ஒன்றைக் கேட்காமல் விட்டேன். தங்கை என்ன சொல்கிறார்? உங்கள் கேள்வியில் டாக்டர் இருக்கிறார், வீடு இருக்கிறது, கல்யாணம் இருக்கிறது. மாத்திரையை விழுங்கப் போவதும் கையை நீட்டப் போவதும் அவர்தான். முடிந்தால் அவரையே எழுதச் சொல்லுங்கள்.

2024 பிப்ரவரி 3

கீழே ஒருவர், "ஸ்டீராய்டுக்கே சரியாகிவிட்டதே, திரும்ப வந்தால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம், எதற்கு ஆயுசுக்கும் மருந்து" என்று எழுதியிருக்கிறார். பல வீடுகளில் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன்.

ஸ்டீராய்டு தாக்குதலைச் சீக்கிரம் அடக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. கண் நரம்பு அழற்சியை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 1992-இல் வந்தது. மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை ஏற்றியவர்களுக்குப் பார்வை சீக்கிரம் திரும்பியது. ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், ஏற்றிக்கொள்ளாதவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான் பார்வை. வழக்கமான அளவில் வெறும் ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்குத் திரும்ப வருவது அதிகமாகவே இருந்தது.

அடுத்த தாக்குதல் வராமல் தடுக்க வேறு மருந்து வேண்டும். இரண்டு தாக்குதலுக்கு நடுவில் நன்றாக இருக்கிற மாதங்களில்கூட எம்.ஆர்.ஐ.யில் புதுப் புள்ளிகள் வந்துகொண்டே இருக்கலாம். உடம்பில் ஒன்றும் தெரியாது. மருந்தில்லாமல் காத்திருந்தால் அந்தக் கணக்குதான் ஏறும்.

2024 பிப்ரவரி 11

என் கதையைக் கேட்டவர்களுக்கு. ஒரு மருந்திலேயே நின்றவள் இல்லை நான். அதனால் ஒப்பிட உதவும்.

எனக்கு 2011-இல் வந்தது. அன்றைக்குப் பெரும்பாலும் இன்டர்ஃபெரான் அல்லது கிளாடிராமர், இரண்டுமே ஊசி. வாராவாரம் தொடையில் போடுகிற இன்டர்ஃபெரானைக் கொடுத்தார்கள். போட்ட ராத்திரி குளிர்காய்ச்சல், மறுநாள் உடம்பெல்லாம் அடித்துப்போட்ட வலி. பாரசிட்டமால் போட்டுக்கொண்டு சனிக்கிழமை ராத்திரி ஊசி, ஞாயிறு முழுக்கப் படுக்கை என்று பழக்கிக்கொண்டேன். 2012-இல் எங்கள் மாவட்டத்தில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். ஊசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஃபிரிட்ஜ் பாதி நாள் ஓடாது. ஐஸ் கட்டி நிரப்பிய ஃபிளாஸ்க்கில் மாத்தி மாத்தி வைப்போம். ஐஸில் நேராகப் பட்டு உறைந்துவிட்டாலும் மருந்து வீண். ஒரு மருந்தின் ஆய்வு முடிவு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை உங்கள் வீட்டில், உங்கள் ஊர்க் கரண்டில், உங்கள் வேலை நேரத்தில் தொடர்ந்து எடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும் என்று நான் பேசுவதெல்லாம் அந்த வருடத்தில் கற்றது.

அதையும் மீறித் தாக்குதல் வந்ததால் ஃபிங்கோலிமோட் மாத்திரைக்கு மாறினேன். முதல் மாத்திரை போட்ட அன்று இதயத் துடிப்பு குறையலாம் என்பதால் ஆறு மணி நேரம் ஆஸ்பத்திரியில் உட்கார வைத்து மணிக்கொருமுறை பார்த்தார்கள். அப்புறம் ஒரு தொந்தரவும் இல்லை. தினம் ஒரு மாத்திரை, வேலைக்குப் போனேன், நோய் இருப்பதே மறந்திருந்தது.

2017-இல் குழந்தைக்காக நிறுத்தினேன். குழந்தைக்கு முயல்வதற்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும் என்பது விதி, அதன்படியே நிறுத்தினேன். அந்த மருந்து வெள்ளை அணுக்களை நிணநீர் முடிச்சுகளுக்குள் அடைத்து வைத்துத்தான் வேலை செய்கிறது. நிறுத்தினால் மேட்டூர் மதகைத் திறந்துவிட்ட மாதிரி எல்லாம் ஒரேயடியாக வெளியே வரும். சில வாரங்களில் இரண்டு காலும் போயின. அதுவரை வந்த எந்தத் தாக்குதலும் அப்படி இருந்ததில்லை. நிறுத்தினால் நோய் கடுமையாகத் திரும்பலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 நவம்பரில்தான் எச்சரிக்கை வெளியிட்டது. நான் அதற்கு முந்தியவள்.

அதற்குப் பிறகு ரிட்டக்ஸிமேப். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிரிப்ஸ். நடை திரும்பியது, முழுசாக இல்லை. இடது கால் நீண்ட தூரம் நடந்தால் இழுக்கும். 2020-இல் மகன் பிறந்தான்.

2024 பிப்ரவரி 25

"எந்த மருந்து எவ்வளவு வேலை செய்யும், எண்ணில் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ஆய்விலும் எடுத்துக்கொண்ட ஆட்கள் வேறு. அதனால் எண்களை நேருக்கு நேர் வைத்துப் போட்டி நடத்தக் கூடாது. தோராயமாக இப்படி:

இன்டர்ஃபெரான், கிளாடிராமர், டெரிஃப்ளூனமைடு மூன்றும் வெற்று மருந்தோடு (மருந்துச் சத்து இல்லாத போலியோடு) ஒப்பிட்டால் தாக்குதல்களை மூன்றில் ஒரு பங்கு குறைக்கும். டைமெத்தில் ஃபியூமரேட், ஃபிங்கோலிமோட் இரண்டும் கிட்டத்தட்டப் பாதி. நாட்டலிசுமேப் மூன்றில் இரண்டு பங்கு. ஆக்ரலிசுமேப்பை வெற்று மருந்தோடு ஒப்பிடவில்லை, இன்டர்ஃபெரானோடு ஒப்பிட்டார்கள். அதைவிடவும் பாதிக்குப் பாதி குறைவு.

உங்கள் தங்கையின் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் ஆய்வு ஒன்று இருக்கிறது. ஸ்வீடனில் 200 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் ரிட்டக்ஸிமேப், மறுபக்கம் டைமெத்தில் ஃபியூமரேட் கொடுத்தார்கள். 2022-இல் முடிவு வந்தது. இரண்டு வருடத்தில் தாக்குதல் வந்தவர்கள் ரிட்டக்ஸிமேப் பக்கம் 3 சதவீதம், மாத்திரைப் பக்கம் 16 சதவீதம். இரண்டே மருந்துகளை நேருக்கு நேர் வைத்த ஆய்வு என்பதால் மேலே உள்ள எண்களைவிட இதற்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன். இதையும் மறுபக்கமாகப் படிக்க வேண்டும்: மாத்திரை சாப்பிட்டவர்களில் 84 சதவீதம் பேருக்கு அந்த இரண்டு வருடத்தில் தாக்குதல் வரவில்லை.

ரிட்டக்ஸிமேப்புக்கு எம்.எஸ். மருந்து என்று அமெரிக்காவோ ஐரோப்பாவோ அனுமதி கொடுத்ததில்லை. அது ரத்தப் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் வந்த மருந்து. ஸ்வீடன் அதைப் பொருட்படுத்தாமல் பெருமளவில் பயன்படுத்தியது. உலக சுகாதார அமைப்பு 2023 ஜூலையில் எம்.எஸ்.க்காக அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்த மூன்றில் இதுவும் ஒன்று. மற்ற இரண்டு கிளாட்ரிபின், கிளாடிராமர். நம் நாட்டில் டாக்டர் ரெட்டீஸ் 2007-லேயே இதன் நகல் மருந்தைக் கொண்டுவந்துவிட்டது, அதற்குப் பிறகு இன்னும் சில வந்தன. அதனால்தான் விலை காரணமாக ஆக்ரலிசுமேப்பை நினைத்துப் பார்க்க முடியாத குடும்பங்களுக்கு இது கையில் கிடைக்கிறது. இரண்டும் தாக்குவது ஒரே இலக்கைத்தான், பி செல்கள் என்ற வெள்ளை அணுக்களின் மேல் இருக்கும் சி.டி.20 என்ற புரதம்.

இன்ஷூரன்ஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். எம்.எஸ்.க்கு முறையான அனுமதி இல்லாத மருந்து என்று காரணம் காட்டி மறுப்பது உண்டு. முதல் டிரிப்ஸுக்கு முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

2024 மார்ச் 9

போன குறிப்பைத் திரும்பப் படித்தேன். எல்லோரும் ரிட்டக்ஸிமேப் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்வது போன்ற தொனி வந்திருக்கிறது. இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும்.

வலுவான மருந்தில் ஆரம்பிப்பதா, லேசானதில் ஆரம்பித்து முடியாவிட்டால் மேலே போவதா என்பது நியூராலஜிஸ்ட்களுக்குள்ளேயே ஓயாத வாதம். அதைத் தீர்க்கவே அமெரிக்காவில் இரண்டு பெரிய ஆய்வுகளைத் தொடங்கினார்கள். கை மரத்துப்போனதோடு நின்ற ஒரே தாக்குதல், மூளையில் சில புள்ளிகள், தண்டுவடம் சுத்தம் என்று இருக்கும் ஒருவர் மாத்திரையைத் தேர்ந்தெடுத்தால் அது பயந்து எடுத்த முடிவு ஆகாது. ஆனால் மாத்திரை எடுப்பவர் ஆறு மாதம், ஒரு வருடம் என்று எம்.ஆர்.ஐ. எடுத்து, புதுப் புள்ளி தெரிந்தால் உடனே மாறத் தயாராக இருக்க வேண்டும். வேலை செய்யாத மருந்திலேயே பழக்கத்துக்காகத் தங்கிவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கிற ஆபத்து.

டைமெத்தில் ஃபியூமரேட் எடுப்பவர்களுக்கு நடைமுறை: முதல் வாரம் 120 மில்லிகிராம் இரண்டு வேளை, பிறகு 240. வெறும் வயிற்றில் போடவே கூடாது. முகம் சிவந்து எரியும், வயிறு புரட்டும், பெரும்பாலானவர்களுக்கு முதல் மாதத்துக்குப் பிறகு குறையும். டீயும் பிஸ்கட்டும் சாப்பாடு ஆகாது. தயிர், முட்டை, வேர்க்கடலை என்று கொஞ்சம் கொழுப்பு இருக்கிற உணவோடு போடுங்கள். லிம்ஃபோசைட் (வெள்ளை அணுவில் ஒரு வகை) எண்ணிக்கையை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

2024 மே 6

கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. "பழைய கண் மங்கல் திரும்ப வந்துவிட்டது, மருந்து வேலை செய்யவில்லை" என்று இந்த மாதத்தில் நிறையப் பேர் பயப்படுவார்கள். உடம்புச் சூடு ஏறினால், மேலுறை உரிந்த நரம்பில் மின்னோட்டம் தடைபடும். குளிர்ந்ததும் திரும்பும். புதுத் தாக்குதல் என்றால் ஒரு நாளுக்கு மேல் நிற்கும். காய்ச்சலிலும் சிறுநீர்த் தொற்றிலும் இதேபோல வரும். அதைத் தாக்குதல் என்று நினைத்து மருந்தை மாற்றிவிடாதீர்கள். ஈரத்துண்டு, நிழல், தண்ணீர். 24 மணி நேரம் தாண்டினால் டாக்டர்.

2024 மே 19

கழுத்து ரத்தக்குழாயில் பலூன் வைத்து ரத்த ஓட்டத்தைச் சரிசெய்தால் எம்.எஸ். போய்விடும் என்று யாரோ வீடியோ போட்டிருக்கிறார். இது பழைய கதை. இத்தாலியின் பாவ்லோ சம்போனி 2009-இல் சொன்னது. கனடாவிலிருந்து ஆயிரக்கணக்கில் வெளிநாடு போய்ச் செய்துகொண்டார்கள், நம் நாட்டுக்கும் வந்தார்கள். கடைசியில் கனடாவிலேயே ஒரு பாதிப் பேருக்கு உண்மையான பலூன், மறுபாதிக்குப் பாவனை மட்டும் என்று வைத்துச் சோதித்தார்கள். 2017-இல் சொன்ன முடிவு: வித்தியாசம் இல்லை. அந்தப் பலூனுக்குச் செலவழிக்கிற பணத்தை மருந்துக்கு வையுங்கள்.

"ஸ்டெம் செல்" என்று சொல்பவர்களும் எதைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். கீமோ கொடுத்து நோய் எதிர்ப்பு அமைப்பைத் துடைத்து, சொந்த ரத்த ஸ்டெம் செல்லைத் திரும்ப ஏற்றும் முறை உண்மையான சிகிச்சை. கடுமையான நோய்க்கு, இளம் வயதில், பெரிய மாற்று மையங்களில் செய்வது. உயிருக்கே ஆபத்து கொஞ்சம் உண்டு. முதுகில் ஏதோ செல்லை ஊசி போட்டு "நரம்பு வளரும்" என்று விற்பது முற்றிலும் வேறு. அதன் பக்கமே போகாதீர்கள்.

2024 ஜூன் 2

தங்கையே எழுதிவிட்டார். சந்தோஷம். அவர் கேட்டது: "அக்கா, ஏ.கியூ.பி.4, மாக் இரண்டும் நெகட்டிவ். தண்டுவடத்தில் இரண்டு புள்ளி. கல்யாணம் ஆனால் ஒரு வருடத்தில் குழந்தை எதிர்பார்ப்பார்கள். ஊசி போட்டால் குழந்தையே கூடாது என்கிறார்கள், உண்மையா? மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா?"

உண்மை இல்லைம்மா. ஒவ்வொரு மருந்துக்கும் கணக்கு வேறு. டெரிஃப்ளூனமைடு உனக்கு வேண்டாம். அது கருவைப் பாதிக்கும். நிறுத்தினாலும் இரண்டு வருடம்வரை ரத்தத்தில் தங்கும், 11 நாள் வேறு மருந்து கொடுத்துக் கழுவி எடுக்க வேண்டும். ஃபிங்கோலிமோட் ஏன் வேண்டாம் என்பதற்கு என் பிப்ரவரிக் குறிப்பு போதும். டைமெத்தில் ஃபியூமரேட் உடம்பிலிருந்து சீக்கிரம் போய்விடும், ஆனால் அதன் பாதுகாப்பும் கூடவே போய்விடும். கிளாடிராமரைக் கர்ப்பத்திலும் தொடர்கிறார்கள், ஆனால் உன் நோய்க்கு அது பலவீனம்.

ரிட்டக்ஸிமேப்பின் நல்ல குணம், மருந்து போன பிறகும் பி செல்கள் திரும்பி வர மாதங்கள் ஆகும். மருந்தோடு வரும் குறிப்பில் கடைசி டோஸுக்குப் பிறகு 12 மாதம் இடைவெளி என்று இருக்கும். அனுபவமுள்ள நியூராலஜிஸ்ட்கள் பலர் அதைவிடக் குறைவான இடைவெளியில் அனுமதிக்கிறார்கள். எனக்கும் அப்படியே திட்டமிட்டார்கள். கர்ப்ப காலத்தில், முக்கியமாகக் கடைசி மூன்று மாதத்தில், எம்.எஸ். தானாகவே அடங்கும். பிரசவத்துக்குப் பின் முதல் மூன்று மாதத்தில் எகிறும். ஐரோப்பாவில் 254 பெண்களைப் பின்தொடர்ந்து 1998-இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. அந்த மூன்று மாதத்துக்கு யார் உன்கூட இருப்பார்கள், மருந்தை எப்போது திரும்பத் தொடங்குவது என்று வளைகாப்புக்கு முன்பே டாக்டரோடு பேசி வைத்துக்கொள்.

மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா என்றால், அவரிடம் நீயே சொல். தரகர் வழியாகவோ அண்ணன் வழியாகவோ வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிரிப்ஸ் ஏற்றிக்கொள்வதை மறைத்து ஒரு வீட்டில் வாழ முடியாது, மறைக்க வேண்டிய கட்டாயத்தில் டோஸைத் தள்ளிப்போட்டு நடை இழந்தவரை எனக்குத் தெரியும். கேட்டுவிட்டுப் போகிறவர் போகட்டும். கல்யாணத்துக்காக மருந்தைத் தள்ளிப்போடாதே. இதை உன் வீட்டில் எல்லோரும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

2024 ஜூன் 16

தங்கை ரிட்டக்ஸிமேப் என்று முடிவெடுத்துவிட்டார். ஏற்றும் முன் பார்க்க வேண்டியவை: மஞ்சள் காமாலை பி-க்கு இரண்டு பரிசோதனைகளும் (கிருமி இப்போது இருக்கிறதா என்பது ஒன்று, முன்பு வந்துபோனதா என்பது மற்றொன்று). முன்பு வந்துபோயிருந்தால்கூட இந்த மருந்தில் திரும்ப எழும்பலாம், அதற்குத் தடுப்பு மாத்திரை வேண்டும். எச்.ஐ.வி., டி.பி. பரிசோதனை, இம்யூனோகுளோபுலின் (ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் புரதம்) அளவு. தடுப்பூசிகளை முன்பே போட்டுவிடுங்கள். உயிருள்ள கிருமி வகையோ மற்றவையோ, குறைந்தது நான்கு வாரம் முன்பு. ஏற்றிய பிறகு போட்டால் உடம்பு சரியாக எதிர்வினை காட்டாது.

முதல் டிரிப்ஸ் மெதுவாகத்தான் ஓடும், நாள் முழுக்க ஆகும். தொண்டை அரிப்பு, குளிர் வந்தால் பொறுத்துக்கொண்டு உட்காராமல் நர்ஸைக் கூப்பிடுங்கள். வேகத்தைக் குறைத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

2024 செப்டம்பர் 29

62 வயது அம்மாவுக்காக ஒருவர் கேட்டிருக்கிறார்: பல வருடமாகத் தாக்குதல் இல்லை, நிறுத்தலாமா? அமெரிக்காவில் 55 வயது தாண்டிய 259 பேரை வைத்துப் பார்த்தார்கள், முடிவு 2023-இல். ஐந்து வருடம் தாக்குதல் இல்லாதவர்கள். தொடர்ந்தவர்களில் 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகவும் நிறுத்தியவர்களில் 12 சதவீதமும் நோய் அசைந்தது, பெரும்பாலும் எம்.ஆர்.ஐ.யில் மட்டும். என் அம்மாவாக இருந்தால், திரும்பத் திரும்பத் தொற்று வருகிறது என்றால் நிறுத்துவதைப் பற்றிப் பேசுவேன். மருந்து ஒத்துப்போகிறது என்றால் தொடர்வேன். அந்த ஆய்வில் பெரும்பாலானவர்கள் இன்டர்ஃபெரான், கிளாடிராமர் போன்ற பழைய மருந்து எடுத்தவர்கள். ஃபிங்கோலிமோட், நாட்டலிசுமேப் எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிடாதீர்கள்.

தாக்குதல் இல்லாமலே மெல்ல மெல்ல நடை குறைகிறவர்களுக்கு இந்த மாதம் ஒரு நல்ல செய்தி. டோலிப்ரூட்டினிப் என்ற மாத்திரை அந்த வகையில் இயலாமை கூடுவதை 31 சதவீதம் குறைத்ததாக அறிவித்திருக்கிறார்கள். கல்லீரல் விஷயத்தில் கவலை இருக்கிறது. கடைக்கு வரவில்லை, இப்போதே தேடி அலைய வேண்டாம்.

2024 அக்டோபர் 13

அரசு உதவி பற்றிக் கேட்டவருக்கு: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளில் எம்.எஸ். உண்டு. தமிழில் படிவத்தில் "தண்டுவட மரப்பு நோய்" என்று இருக்கும். குறைபாடு எத்தனை சதவீதம் என்ற சான்று வாங்கி யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள) அட்டைக்குப் பதிவுசெய்யுங்கள். பார்க்க நன்றாக இருக்கிறீர்களே என்று திருப்பி அனுப்பினால் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட், நியூராலஜிஸ்ட் கடிதம் இரண்டோடு திரும்பப் போங்கள். இந்திய எம்.எஸ். சொசைட்டிக்குச் சென்னையிலும் கிளை உண்டு, கேட்டால் வழி சொல்வார்கள்.

2025 ஜனவரி 12

தங்கை நேற்று எழுதியது: "அடுத்த டோஸ் வியாழக்கிழமை. சளி, காய்ச்சல் 101. தள்ளிப்போட்டால் நோய் வந்துவிடுமா அக்கா?"

வராதும்மா. காய்ச்சலோடு ஏற்ற மாட்டார்கள், நீயும் ஒப்புக்கொள்ளக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு இன்றே போன் பண்ணித் தேதியை மாற்று. இந்த மருந்தின் வேலை ஆறாவது மாதத்தோடு டக்கென்று நிற்பதில்லை, சில வாரத் தாமதத்தைத் தாங்கும். ஃபிங்கோலிமோட் எடுத்துக்கொண்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். சளி நெஞ்சுக்கு இறங்கினாலோ மூன்று நாளில் காய்ச்சல் விடாவிட்டாலோ டாக்டரைப் பார், ரிட்டக்ஸிமேப் எடுப்பவள் என்று முதலிலேயே சொல்லிவிடு. டோஸுக்கு முன் எடுக்கிற ரத்தத்திலேயே இம்யூனோகுளோபுலினையும் பார்க்கச் சொல். போன வருட அளவோடு ஒப்பிட வேண்டும், அந்தப் பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துப் போ.